நிறைகுடமும் வெறுங்குடமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் மொழி. பேச்சுப் போட்டி மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கற்றவர் அடங்கியிருப்பார், அரைகுறையே ஆர்ப்பரிக்கும் என்பது இதன் பொருள். உண்மைதான், மறுப்பார் யார்? ஆனால், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள் என்ற முறையில் ஒரு சிறு திருத்தம் சொல்ல ஆசைப்படுகிறேன். நிறைகுடம் மட்டுமா தளும்பாமல் இருக்கிறது? வெறுங்குடமும் தளும்புவதில்லை!

இரண்டும் ஓசையின்றி இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும், எதில் தண்ணீர் இருக்கிறது, எதில் காற்று இருக்கிறது என்று.

பேராசிரியப் பெருமக்களே, உடன் பயிலும் நண்பர்களே! மௌனத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் புகழையே பாடுகிறார்கள். நானும் பாடத்தான் போகிறேன். ஆனால், பாடுவதற்கு முன் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாதம். மன அமைதியைத் தேடுகிறவர், தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மௌனம் எப்படிப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பசியால் வந்த மௌனம் உண்டு. பயத்தால் வந்த மௌனம் உண்டு. நிறைவால் வரும் மௌனமும் உண்டு. முதல் இரண்டையும் மூன்றாவதன் பெயரால் போற்றினால், நாம் வெறுங்குடத்துக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டியவர்கள் ஆவோம்.

தறி நின்ற வீடு

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய விசைத்தறி ஊர் எங்கள் ஊர். நான் கேட்டு வளர்ந்த தாலாட்டே தறியின் ஓசைதான். நாடா இந்தக் கோடியில் அடிபட்டு அந்தக் கோடிக்கு ஓடும். அங்கே அடிபட்டு இங்கே திரும்பும். நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் இப்படி ஓடும். ஒரே கூடத்தில் எட்டுத் தறிகள். அந்தக் கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அப்பா தறி ஓட்டுவார். அம்மா தார் சுற்றுவாள். நான் வாசற்படியில் அமர்ந்து வாய்ப்பாடு சொல்வேன். என் குரல் எனக்கே கேட்காது. உதடு அசைவதை வைத்து அம்மா தவற்றைக் கண்டுபிடிப்பாள்.

எங்கள் தெருவில் சத்தம் என்றால் சோறு. அமைதி என்றால் பசி. மின்சாரம் நின்றால் தறி நிற்கும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். துணி தேங்கினால் தறி நிற்கும். மற்ற ஊர்களில் சத்தம் கேட்டு விழித்துக்கொள்வார்கள். எங்கள் அம்மாயியோ சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வாள். நள்ளிரவில் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "ஏஞ்சாமி, தறி நின்னு போச்சா?" என்று கேட்பாள். தறி மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகே தலையைச் சாய்ப்பாள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. வாரங்கள் சென்றன. நகரங்களில் பறவைகளின் குரல் கேட்கிறது, வானம் தெளிந்திருக்கிறது என்றெல்லாம் பலர் மகிழ்ந்து பேசிய காலம் அது. எங்கள் தெருவிலும் பறவைகளின் குரல் கேட்டது. வேப்ப மரத்தில் இத்தனை வகைப் பறவைகள் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். ஆனால், அந்த இனிய குரலைக் கேட்டுக்கொண்டே அம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அடகுக் கடைக்குப் போன அந்தத் தோடு திரும்பி வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

ஆகவே, "அமைதி இனிமையானது" என்று யாரேனும் சொன்னால் என் உள்ளம் உடனே தலையசைப்பதில்லை. யாருடைய அமைதி, எதனால் வந்த அமைதி என்று அது கேட்கிறது. கேட்பது தவறா?

அடக்கமான பெண்

இரண்டாவது மௌனத்தை இந்தக் கல்லூரியில்தான் சந்தித்தேன். இல்லை, சுமந்துகொண்டு வந்தேன் என்பதே பொருத்தம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கிய அன்று, அப்பா அதை நெகிழித் தாளில் சுற்றி, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார். தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கு வந்து முதல் வகுப்பில் அமர்ந்தபோது, பாடம் ஆங்கிலத்தில் ஓடியது. கேள்வி கேட்கப்பட்டால் விடை எனக்குத் தமிழில் தெரியும். அதை மனத்துக்குள் மொழிபெயர்த்து, இலக்கணம் சரிபார்த்து, எழுந்து நிற்கலாமா என்று எண்ணுவதற்குள் கேள்வி அடுத்த வரிசைக்குப் போய்விடும். நாளடைவில் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். கடைசி வரிசையில் சுவரை ஒட்டிய இடம் எனக்கு உரியதாயிற்று.

இதற்கு எனக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "அடக்கமான பெண்"! உறவினர் சொன்னார்கள், தோழியர் சொன்னார்கள். பெண்பிள்ளை அதிர்ந்து பேசக்கூடாது, அதிர நடக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பாராட்டு இனித்தது. என் அச்சத்துக்கு அடக்கம் என்ற பட்டாடை கிடைத்துவிட்டது. பிறகு அதைக் கழற்ற மனம் வருமா?

"புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்பார். வகுப்பு அமைதியாக இருக்கும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழமொழியின்படி பாடம் அடுத்த பக்கத்துக்கு நகரும். ஆனால், அந்த மௌனம் சம்மதமல்ல, திகைப்பு. முதல் பருவத் தேர்வில் கணிதத் தாளில் நான் தோற்றேன். தோற்றதற்குக் காரணமான ஐயம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்காத இரண்டு நிமிடத்துக்கு ஆறு மாதம் விலை கொடுத்தேன். அரியர் கட்டணத்துக்கு அப்பாவிடம் கை நீட்டியபோது அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னைச் சுட்டது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்பறைகளை ஆராய்ந்தார். ஒரு கேள்வியைக் கேட்ட பின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடி அளவுதான் என்று கண்டார். அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலோ நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். எண்ணிப் பாருங்கள், மூன்றே நொடி! ஒருவர் பேசாமல் காத்திருந்ததால் இன்னொருவருக்குப் பேச்சு பிறந்தது. ஒரு மௌனம் இன்னொரு மௌனத்தின் பூட்டைத் திறந்தது. இதைப் படித்தபோதுதான், மௌனத்தில் நல்லதும் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

குடமும் குழாயும்

அந்த நல்ல மௌனத்தை நான் முதன்முதலில் நேரில் கண்டது கோயிலிலும் அல்ல, குகையிலும் அல்ல. நம் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்.

ஒத்ததிர்வுத் தம்பம் என்னும் சோதனையை அறிவியல் மாணவர் அறிவர், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீர் நிரம்பிய உயரமான சாடியில் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்த வேண்டும். இசைக்கவையை ரப்பர்க் கட்டையில் தட்டி, குழாயின் வாய்க்கு மேலே பிடிக்க வேண்டும். குழாயை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தால், உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம் ஒரு குறிப்பிட்ட நீளத்தை அடையும்போது, அதுவரை முணுமுணுத்த ஓசை திடீரென்று ஓங்கி ஒலிக்கும். 512 அதிர்வெண் கொண்ட இசைக்கவைக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டரில் அது நிகழும்.

அன்று கூடத்தில் ஒரே பேச்சு. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முறை முயன்று மூன்று முறையும் தவறினேன். அப்போது எங்கள் ஆசிரியர், "ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். பேசாமலிருந்தால் மட்டும் போதாது, கேளுங்கள்" என்றார். கூடம் அடங்கியது. மின்விசிறியின் ஓசை கேட்டது. பிறகு அதுவும் பின்னுக்குப் போயிற்று. நான் குழாயை உயர்த்தினேன். 14, 15, பதினாறை நெருங்கும்போது அந்த ஓசை எழுந்தது! குழாய்க்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்லி அழைத்ததுபோல இருந்தது. கண்கள் நனைந்துவிட்டன என்று சொன்னால் சிரிப்பீர்கள். நனைந்தது உண்மை.

அன்று மாலை வீட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வந்து வெங்காயம் நறுக்குவாள். குடம் நிரம்பும் தறுவாயில் சரியாக எழுந்து போவாள். ஒரு நாளும் ஒரு சொட்டும் வழிந்ததில்லை. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "குடம் சொல்லுமே கண்ணு!" என்றாள். நீர் ஏற ஏறக் குடத்துக்குள் காற்றுத் தம்பம் குறுகுகிறது. குறுகக் குறுக ஓசையின் சுருதி உயர்கிறது. நான் ஆய்வுக்கூடத்தில் கற்றதை அம்மா இருபது ஆண்டுகளாகத் தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்! அவளுடைய வெளி உலகம் அமைதியாக இல்லை. ஆனால், அந்தக் குடத்துக்கென்று அவள் மனத்தில் ஓர் அமைதியான மூலை எப்போதும் இருந்தது.

நான் கண்ட முதல் உண்மை இதுதான்: நல்ல மௌனம் என்பது பேசாதிருப்பது அன்று, கேட்பது.

மலையில் பத்து நிமிடம்

சென்ற ஆண்டு தோழியரோடு திருவண்ணாமலை சென்றேன். மலை மீதுள்ள விரூபாட்ச குகையில் சற்று நேரம் அமர்ந்தேன். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை வாழ்ந்த குகை அது. போகும் முன் அவருடைய வரலாற்றைப் படித்திருந்தேன். 1879-இல் திருச்சுழியில் பிறந்தவர். 1896-இல் மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது, பதினாறு வயதில், சாவு பற்றிய பேரச்சம் அவரைப் பிடித்தது. அவர் ஓடவில்லை. பிணம்போல் அசையாமல் படுத்து, சாவது எது, சாகாதது எது என்று தம்மையே கேட்டுப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், 1950-இல் மறையும் வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

அவருடைய மௌனத்தில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. 1902-ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு அலுவலர் அவரிடம் சென்று, நான் யார் என்பது முதலாகப் பல கேள்விகள் கேட்டார். அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டி விடை சொன்னார். பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தது அதுதான். கேள்விக்கு முகம் திருப்பிக்கொள்ளாத மௌனம் அது! பிற்காலத்தில் அவர் விடியலுக்கு முன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய்கறி நறுக்கினார். வேலைக்கு முதுகு காட்டாத மௌனமும்கூட.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1898-இல் அவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்து, நாள்தோறும் அழுத தாயின் முன்னும் அவர் பேசாதிருந்தார். இறுதியில் எழுதித்தான் காட்டினார். அந்தப் பகுதியைப் படிக்கையில் என் மனம் தாயின் பக்கமே சாய்ந்தது. அந்தத் தாய் 1916-இல் மகனிடமே வந்து தங்கினார், 1922-இல் மறையும் வரை அவரோடு வாழ்ந்தார் என்று படித்த பின்பே ஆறுதல் அடைந்தேன்.

குகைக்குள் இருட்டு, கதகதப்பு. கண்ணை மூடினேன். ஞானம் வந்ததா என்று கேட்கிறீர்களா? தறி வந்தது! ஆம், அத்தனை அமைதியில் என் தலைக்குள் தறி ஓடிற்று. வெளியே சத்தம் இல்லாததால், இருபது ஆண்டுச் சத்தமும் உள்ளே எழுந்து நின்றது. அதற்குப் பின்னால் வேறு குரல்கள்: அரியர் கட்டணம், அம்மாவின் தோடு, "அடக்கமான பெண்". எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது; கேட்டேன். எதையும் விரட்டாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிறிது நேரத்தில் ஒன்று விளங்கியது. பயம் என்று ஒன்று இருக்கிறது. அது பயம் என்று அறிகிற ஒருத்தியும் இருக்கிறாள். அறிகிறவள் பயப்படவில்லை!

அவ்வளவுதான். பத்து நிமிடம் இருக்கும். நான் யார் என்று கண்டுகொண்டேன் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் யாரில்லை என்பதில் ஒரு துளி தெரிந்தது: கடைசி வரிசையில் சுவரை ஒட்டி அமர்ந்த அந்தப் பயந்த பெண் மட்டும் அல்ல நான். ஊர் திரும்பிய அடுத்த வாரம், வகுப்பில் முதன்முறையாக எழுந்து நின்று ஓர் ஐயம் கேட்டேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கூரை இடிந்து விழவில்லை. என் குரல் எனக்குக் கேட்டது.

உண்மையான மௌனம் ஒருவரை ஊமையாக்குவதில்லை. அவருடைய குரலை அவருக்குத் திருப்பித் தருகிறது. அப்படித் திருப்பித் தராத மௌனம் எதுவாயினும் அது வெறுங்குடமே.

அசையாத முள்

அப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன்: "இத்தனை சத்தத்துல எந்தத் தறியில இழை அறுந்துச்சுன்னு எப்படிங்கப்பா தெரியுது?"

"சத்தத்தைக் கேட்டாத் தெரியாது கண்ணு. சத்தம் மாறுறதைக் கேக்கோணும். மனசு சும்மா இருந்தாத்தான் அது கேக்கும்" என்றார்.

சும்மா! வேலையின்றி இருப்பதைச் சும்மா என்கிறோம். காசின்றிக் கிடைப்பதைச் சும்மா என்கிறோம். அழும் குழந்தையையும் சும்மா இரு என்கிறோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் என் தந்தை அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் வைத்திருக்கிறார். கை ஓடும், கால் ஓடும், கண் நான்கு தறிகளின் மேல் ஓடும், நடுவில் ஒன்று மட்டும் ஓடாமல் இருக்கும்.

வீட்ஸ்டன் சமனச்சுற்றில் இதைக் காணலாம். நான்கு கரங்களிலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், தடைகள் சமநிலை அடைந்தவுடன் நடுவிலுள்ள கால்வனோமீட்டரின் முள் சுழியில் அசையாமல் நிற்கிறது. மின்சாரம் இல்லாததால் அல்ல, சமன் ஆனதால்! மின்கலத்தைக் கழற்றி வைத்தாலும் முள் சுழியில்தான் நிற்கும். ஆனால், அந்தச் சுழியால் நாம் எதையும் அளக்க முடியாது. பசியின் அமைதிக்கும் மனத்தின் அமைதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் அப்பாவைப் பற்றி அழகாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் நான் குற்றவாளி ஆவேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. எட்டு மணி நேர வேலையில் ஒலி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது செவிநலத் துறையினரின் பரிந்துரை. விசைத்தறிக் கூடங்களில் அது தொண்ணூறைத் தாண்டுவது வழக்கம். ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒலியின் செறிவு பத்து மடங்கு உயர்கிறது. அப்பாவின் மௌனத்தில் பாதி ஞானம். மீதிப் பாதி, பறிபோன செவி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியது மகளின் கடமை. உள்ளத்தின் அமைதி ஒருவர் தாமே தேடிக்கொள்ள வேண்டியது. வெளியின் அமைதி அவருக்கு மற்றவர்கள் கொடுக்க வேண்டியது. முன்னதைப் போதித்துப் பின்னதை மறுப்பது நேர்மையாகாது.

செய்ய வேண்டியவை

"இதெல்லாம் வயதானவர்களின் வேலை, நமக்கெதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். 1947-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். நாட்டுப் பிரிவினை முடிவாகிக்கொண்டிருந்த நாள். அன்று திங்கட்கிழமை, காந்தியடிகளின் மௌன நாள். மவுண்ட்பேட்டனைச் சந்தித்த அவர் அன்றும் மௌனத்தை விடவில்லை. பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். ஓய்வு பெற்றவரின் பொழுதுபோக்கா அது? தலைக்கு மேல் வேலை உள்ளவருக்கே மௌனம் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

"இது சமயம் அல்லவா?" என்றும் கேட்கலாம். சிவன் கோயிலின் தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி பேசாமல் பாடம் சொல்கிறார். புத்தர் கண்மூடி அமர்ந்திருக்கிறார். மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் மண்டியிடுவோர் உண்டு. கடவுளே இல்லை என்போரும் மறைந்த தலைவருக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். இறந்தவருக்கு ஒரு நிமிடம் தரும் நாம், உயிரோடிருக்கும் நமக்கென்று பத்து நிமிடம் தரலாகாதா?

ஆகவே, பணிவோடு சில வேண்டுகோள்கள்.

பேராசிரியப் பெருமக்களே! கேள்வி கேட்ட பின் மூன்று நொடி பொறுத்தருளுங்கள். கடைசி வரிசையில் ஒருத்தி தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருக்கிறாள். அவள் கரையேறும் வரை காத்திருங்கள். "புரிந்ததா?" என்பதற்கு மௌனம் விடையானால், அதைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒற்றை அறை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம்மில் பலர். படிக்கவும், வெறுமனே அமர்ந்து சிந்திக்கவும் ஓசையற்ற இடம் எங்களுக்கு வீட்டில் இல்லை. நூலகத்தின் ஓர் அறையை வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவும், முடிந்த பின் ஒரு மணி நேரமும் திறந்து வைத்தால் அதுவே எங்களுக்குக் குகை. அதுவே எங்களுக்கு ஆசிரமம். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்றும், அங்கே பகலில் 50 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. நம் வாசலில் அலறும் காற்றொலிப்பான்களுக்கும் அந்த விதி தெரியட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு பலகை எழுதி வைத்தால் முதல் தூரிகையை நான் பிடிக்கிறேன்.

நண்பர்களே! உங்களிடம் கேட்பது எளியது. நாளுக்குப் பத்து நிமிடம் கைப்பேசியை அணைத்துவிட்டு ஓரிடத்தில் அமருங்கள். மந்திரம் வேண்டாம், பாய் வேண்டாம், வேப்ப மர நிழல் போதும். முதலில் உங்கள் தறி ஓடும். ஓடட்டும். அதை நிறுத்த முயலாதீர்கள், கேளுங்கள். எந்த இழை அறுந்திருக்கிறது என்று அது சொல்லும். பிறகு எழுந்து போய் அந்த இழையை முடியுங்கள். முடிய வேண்டியது ஒரு மன்னிப்பாக இருக்கலாம். கேட்க வேண்டிய ஓர் ஐயமாக இருக்கலாம். தட்டிக் கேட்க வேண்டிய ஓர் அநீதியாகவும் இருக்கலாம். எழுந்து போகாவிட்டால் அமர்ந்ததற்குப் பொருளில்லை.

இப்போதெல்லாம் இரவு பத்து மணிக்கு அப்பா தறியை விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் வாசற்படியில் அமர்கிறோம். பக்கத்துக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அவருக்குச் சரியாகக் கேட்காது, எனக்குக் கேட்கும். இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. எதையும் மறைப்பதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. கணிதத் தாளில் தேறிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். தோடு அம்மாவின் காதுக்குத் திரும்பிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

உள்ளே அம்மா குழாயைத் திறந்து விட்டிருக்கிறாள். குடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஓசை மெல்ல உயர்கிறது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.